புறப்பட்ட இடத்துக்கே ஒரு பந்தயம்

கேள்வி: கிரிட்டீரியம் என்னும் சைக்கிள் பந்தயத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறார்களாமே, அதற்குப் புறப்படாமலே இருந்துவிடலாமே? (வாசகர், எர்ணாவூர், சென்னை)

பதில்: திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் தேரும் வீதிகளைச் சுற்றிவந்து புறப்பட்ட நிலையையே அடைகிறது, அதற்காகத் தேரை நிலையிலேயே நிறுத்திவிடும்படி யாரும் சொல்வதில்லை. கிரிட்டீரியம் என்பது நகரத் தெருக்களில் ஓரிரு கிலோமீட்டர் நீளமுள்ள வளையம் ஒன்றை வாகனங்களுக்கு அடைத்துவிட்டு, அதனையே பலமுறை சுற்றி ஓட்டும் பந்தயமாகும். நெடுஞ்சாலைப் பந்தயத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து ஒரு கணம் மட்டுமே காணக்கூடிய வீரரை, இங்கே சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதே வாசற்படியிலிருந்து காணலாம். கோடையில் தூர் து பிரான்சு நெடும்பந்தயம் முடிந்த கையோடு பெல்ஜியத்தின் ஆல்ஸ்ட் போன்ற ஊர்கள் வீரர்களைத் தம் தெருக்களுக்கு அழைத்துக்கொள்வது இதனால்தான். தூர் து பிரான்சின் பெயராலேயே சிங்கப்பூரில் 2022 முதல் ஒரு கிரிட்டீரியம் நடைபெறத் தொடங்க, அதன் முதல் பந்தயத்தை யோனாஸ் விங்கேகோ வென்றார்; மார்க் கேவண்டிஷ் 2024இல் அங்கே வென்றதோடு பந்தய வாழ்விலிருந்து விடைபெற்றார்.

கேள்வி: எல்லாரும் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், முன்னால் போவது யார்?

பதில்: இந்தப் பந்தயத்தின் உயிரே இக்கேள்விதான். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்கோ அவ்வுழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகிறது. ஆகவே முன்னால் செல்ல ஆள் வேண்டுமானால் ஆசை காட்டித்தான் ஆகவேண்டும்: நடுவர் திடீரென மணியடித்து, அடுத்த சுற்றில் கோட்டை முதலில் தாண்டுபவருக்குத் தனிப்பரிசு என்று அறிவிக்கிறார். ‘பிரீம்’ எனப்படும் இந்த இடைப்பரிசுக்காக ஒருவர் பாய, மற்றவர்கள் துரத்த, தூங்கி வழிந்த கூட்டம் கலைந்து நீள்கிறது. வளைவுகளில் பிரேக்கைக் குறைவாகப் பிடிக்கத் தெரிந்தவர் வலிமையில் சற்றுக் குறைந்தாலும் முன்னணியில் நிற்கமுடியும். எனவே தொடையைவிடத் துணிவும் கணிப்பும் இங்கே அதிகம் தேவைப்படுகின்றன.

கேள்வி: கத்திரி வெயிலில் எர்ணாவூரில் இதை நடத்தினால், பரிசு வாங்க ஆள் எழுந்து நிற்பாரா?

பதில்: நண்பகலில் நடத்தினால் நிற்கமாட்டார், விடியலில் நடத்தினால் நிற்பார். மே மாதத்தில் சென்னையில் சூரியன் 5.45 மணியளவில் உதிப்பதால், அப்போதே தொடங்கி ஏழு மணிக்குள் முடிப்பது அறிவுடைமை. ஆயினும் கடலோர விடியலில் வெப்பம் குறைந்திருந்தாலும் ஈரப்பதம் மிகுந்திருப்பதனால், வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிந்து, உடலைக் குளிர்விக்கும் வேலையைச் செய்யாமல் போகிறது. இதனைக் கருதியே விளையாட்டு மருத்துவர்கள் வெறும் வெப்பமானியை நம்பாமல், ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடும், வெயிலை உறிஞ்சும் கருங்கோள வெப்பமானிக்கு 20 விழுக்காடும், நிழல் வெப்பத்துக்கு 10 விழுக்காடும் மதிப்பளிக்கும் கூட்டு அளவையைப் பயன்படுத்துகின்றனர். இந்தக் கூட்டு அளவை உயரும்போது சுற்றுகளைக் குறைப்பது குறுகிய வளையத்தில் எளிது. ஊருக்கு வெளியே 30 கிலோமீட்டர் போய்விட்டவருக்குத் தூரத்தைக் குறைக்கமுடியாது.

கேள்வி: எண்ணூர் விரைவுச் சாலையையே ஒரு ஞாயிறு அடைத்துவிட்டால் என்ன?

பதில்: துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையை அறிந்தவர் அதற்கு இசையமாட்டார், குடியிருப்புகளுக்கு இடையிலுள்ள உட்தெருக்களே ஏற்றவை. இயந்திரம் ஓடவேண்டுமென்றால் நகரச் சாலைகளை அடைக்க வழி பிறக்கவே செய்கிறது: 2024 ஆகஸ்டு இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் தெருவளையத்தில் பார்முலா 4 கார்ப் பந்தயம் இரவில் விளக்கொளியில் நடந்தேறியது. எண்ணூரில் அசோக் லேலண்டு லாரிகளும், திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டும் எம்.ஆர்.எஃப். டயரும், சற்றுத் தள்ளி அம்பத்தூரில் டி.ஐ. நிறுவனத்தின் சைக்கிள்களும் உருவான இந்த வட்டாரம் நாட்டுக்கே சக்கரம் சுழற்றிக் கொடுத்தது. அதன் பிள்ளைகள் அச்சமின்றிச் சைக்கிள் மிதிக்க, ஒரு தெருவை இரண்டு மணி நேரம் கேட்பது மிகைக் கோரிக்கையன்று.

கேள்வி: மகளிடம் இருப்பது பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள்தான். கியர் இல்லை, முன்கூடை மட்டும் இருக்கிறது. எர்ணாவூரில் பந்தயம் நடந்தால் அவள் கலந்துகொள்ளலாமா?

பதில்: கூடையைக் கழற்றிவிட்டுத் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் 13, 15, 17 வயதுக்குட்பட்டோருக்கு நடத்தும் மிதிவண்டிப் போட்டியில், இந்தியாவில் தயாரான சாதாரணச் சைக்கிளுக்கே இடமுண்டு. அதில் 17 வயதுக்குட்பட்ட மாணவியர் ஓட்டும் தூரம் 15 கிலோமீட்டர். மேம்பாலத்தை விட்டால் மேடே இல்லாத எர்ணாவூரில் கியர் இல்லாதது பெருங்குறையாகாது. முன்னணியினர் ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால் நடுவர் ஓரமாக அழைத்துவிடக்கூடும் என்பதனால், சாதாரணச் சைக்கிள்களுக்குத் தனிப் பிரிவு வைக்குமாறு பந்தயம் நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, தலைக்கவசம் அணிவித்து, பந்தய நாளன்று காலை 5.30 மணிக்கே அனுப்பிவிடுக.