வாய் கட்டிய அலுவலகத்துக்கு மண்டூரிலிருந்து ஒரு மனு

கோழிக்கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கி, அதைச் சுவரில் தொங்கவிடச் செய்து, வருடம் தவறாமல் புதுப்பித்தும் தருகிற மேன்மைதங்கிய அலுவலகத்தாருக்கு,

படுவான்கரை மண்டூரிலிருந்து எழுதுகிறேன். கந்தசுவாமி கோயிலால் பேர்பெற்ற ஊர். சின்னக் கதிர்காமம் என்றும் சொல்வார்கள். எங்கள் கோயிலில் பூசை செய்கிறவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். மந்திரம் இல்லை, பேச்சில்லை. ஏன் கட்டுகிறார் என்று சின்ன வயதில் கேட்டேன். "சாமிக்கு வைக்கிற சோத்தில எச்சில் படக்கூடாது மனே" என்றார் அம்மம்மா. நுண்ணுயிர் என்ற சொல்லை அவர் தன் ஆயுளில் கேட்டதில்லை.

இனிக் கோழிக்கடைக்கு வருவோம். எந்தச் சந்திக் கடை என்று கேளாதீர்கள். தங்கள் அனுமதிப்பத்திரம் தொங்குகிற ஏதாவது ஒரு சந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிக்கிறவரின் வாயில் வெற்றிலை. பக்கத்தில் ஒரு ட்ரம் சுடுதண்ணி. காலை ஆறு மணிக்கு அது தண்ணி. பத்து மணிக்கு அது சூப். முதற்கோழி முங்கிய அதே தண்ணியில்தான் நாற்பதாவது கோழியும் முங்கும். பிறகு ரப்பர் விரல்கள் வைத்த மெஷினுக்குள் போய்ச் சுழன்று இறகு கழன்று வரும். குடல் எடுக்கிற கத்தியும் துண்டு போடுகிற கத்தியும் ஒன்றே. அந்தக் கையே மிச்சக் காசும் தரும். சுவரில் சாமிப்படம், அதற்குப் பக்கத்தில் தங்கள் பத்திரம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்தி.

தங்களிடமிருந்து பார்க்க வருகிறவர்கள் மிகவும் கவனமானவர்கள். மாபிள் வெள்ளையா, ஏப்ரன் போட்டிருக்கிறாரா, வாசலில் இலையான் மொய்க்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் வருகிற செய்தி அவர்களுக்கு முன்னமே ஆட்டோவில் வந்துவிடுவதால் ஏப்ரனும் இருக்கும், இலையானும் லீவில் போயிருக்கும். குறை சொல்ல ஏதுமில்லை. ஒரு சின்னச் சிக்கல் மட்டும். சல்மனெல்லா என்ற கிருமிக்கு நிறமில்லை, மணமில்லை. அது குடியிருக்கிற கோழி பெரும்பாலும் நோய்ப்படுவதுமில்லை. கொழுகொழுவென்று தீன் தின்றுகொண்டிருக்கும். கூட்டில் அடைத்து லொறியில் ஏற்றியதும் பயத்தில் கழிகிறதே, அப்போது ஒன்றின் குடலில் இருந்தது பத்தின் இறகில் ஏறிவிடும். மிச்சத்தை ட்ரம்மும் மெஷினும் பார்த்துக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்த்துப் பத்திரம் கொடுப்பது, காய்ச்சலைத் தராசில் நிறுப்பது மாதிரி.

(இந்தக் கிருமியின் பெயர்க்கதை தங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். 1885இல் அமெரிக்காவில் அதைக் கண்டுபிடித்து வேலை செய்தவர் தியோபால்ட் ஸ்மித். பெயர் வாங்கியவர் அவருடைய மேலதிகாரி டானியல் சல்மன்.)

உரித்த கோழி றெஜிபோம் பெட்டிக்குள் போகிறது. ஐஸ் கொஞ்சம், நம்பிக்கை கூட. எங்கள் ஊர் வெயில் தங்களுக்குத் தெரியும். வாய்ப்பான சூடு கிடைத்தால் இந்தக் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். காலையில் ஒன்று இருந்தால் ஆறு மணித்தியாலத்தில் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டும். எங்கள் சங்கக்கடைச் சேமிப்புக் கணக்கு இப்படி வளர்ந்து நான் பார்த்ததில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தால் செத்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. சாகாது, தூங்கும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்களே, அப்போது எத்தனை பெட்டிக்குள் அது எழும்பி உட்கார்ந்ததோ!

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிறந்தநாள். கோழிக்கறி, வெங்காயச் சம்பல், புட்டு. அடுத்த நாள் பின்னேரம் ஐந்து வீட்டில் வயிற்றோட்டம். சின்னவர்களுக்குக் காய்ச்சலும் சேர்ந்தது. ஊர் உடனே விசாரணைக் கமிசன் வைத்தது. முதற் சந்தேகநபர் காலையில் தின்ற மாம்பழம். இரண்டாவது, கேக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரு பெரியம்மாவின் கண்ணூறு. கோழியை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றமாட்டார்கள். சல்மனெல்லா உள்ளே போய் ஆறு மணித்தியாலத்திலிருந்து மூன்று நாள் வரை பொறுத்திருந்துதான் வேலை காட்டும். அதற்குள் கறிச்சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று, எலும்பு நாய்க்குப் போயிற்று. கறியிலும் பிழையில்லை, அது அரை மணித்தியாலம் கொதித்த கறி. கோழி வெட்டின பலகையிலேயே வெங்காயம் அரிந்தார்கள். கொதித்த கறி தப்பியது, பச்சைச் சம்பல் மாட்டிவிட்டது. ஜீவனிப் பக்கற்றைக் கரைத்துக் குடித்துப் பிள்ளைகள் எழும்பினார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. ஆகவே தங்கள் கணக்கில் எங்கள் ஒழுங்கை சுகமாக இருக்கிறது.

உடனே ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்புவீர்கள் என்று தெரியும்: "இறைச்சியை நன்கு வேகவைத்து உண்ணவும்." நல்ல புத்திமதிதான். எழுபத்துநாலு பாகை செல்சியஸ் சூடு நடு இறைச்சிவரை ஏறினால் கிருமி செத்துவிடும். ஆனால் பண்ணைக்காரர் செய்யவேண்டியது, லொறிக்காரர் செய்யவேண்டியது, கடைக்காரர் செய்யவேண்டியது, தாங்கள் செய்யவேண்டியது எல்லாம் படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் அடுப்படியில் நிற்கிற ஒரு பெண்ணின் தலையில் விழுகிறதே, அதைத்தான் கேட்கிறேன். இதில் தாங்கள் தனியாள் இல்லை. 1974இல் அமெரிக்காவிலும் இப்படி ஒரு வழக்கு. பச்சை இறைச்சியில் எச்சரிக்கை ஒட்டுங்கள் என்று பொதுச் சுகாதாரச் சங்கத்தார் கேட்டார்கள். தேவையில்லை, வீட்டுப்பெண்கள் சமைக்கத் தெரியாத மடையர்கள் அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களுக்கு இவ்வளவு பெரிய மரியாதை வேறெந்த விசயத்திலும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

வாய் திறந்தால் என்ன நடக்கும் என்ற பயமும் தங்களுக்கு இருக்கலாம். நியாயம்தான். 1988 டிசம்பரில் இங்கிலாந்தின் இளநிலை சுகாதார அமைச்சர் எட்வினா கறி (பெயரே அதுதான், நான் வைக்கவில்லை) நாட்டு முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சல்மனெல்லா பட்டது என்று சொல்லிவிட்டார். முட்டை விற்பனை விழுந்தது. இரண்டு கிழமைக்குள் அவருடைய பதவியும் விழுந்தது. ஆனால் பத்து வருடத்தில் அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டையில் சிங்க முத்திரை குத்தத் தொடங்கினார்கள். சிங்கம் எங்களிடமும் இருக்கிறது, கொடியில்.

சுவீடன்காரர் இன்னும் பிடிவாதம். 1953இல் அல்வெஸ்தா என்ற ஊரின் கொல்களத்திலிருந்து கிளம்பிய சல்மனெல்லா ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் படுக்கவைத்தது. தொண்ணூறு பேரளவில் செத்தார்கள். அதன்பிறகு அவர்கள் துண்டுப்பிரசுரத்தோடு நிற்கவில்லை. பண்ணையில் தொடங்கிச் சோதித்தார்கள். கிருமி கண்ட கோழிக்கூட்டம் கடைக்கே வராது. பக்கத்துத் தமிழ்நாட்டில், முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில், 2023 செப்டம்பரில் சவர்மா தின்ற பதினாலு வயதுப் பிள்ளை ஒன்று செத்தது. 2025 சித்திரையில் பச்சை முட்டை மயோனைஸை ஒரு வருடத்துக்குத் தடைசெய்தார்கள். பிள்ளை போனபிறகுதான் என்றாலும், செய்தார்கள்.

ஊர்க்கோழி வாங்கித் தின்னுங்கள் என்று சொல்லித் தப்பவும் முடியாது. அதன் குடலிலும் இதே குடித்தனம் நடக்கும். கிருமி சாதி பார்ப்பதில்லை, ஊர்க்கோழி புறொய்லர் என்றும் பார்ப்பதில்லை.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. கடைக்கு வரும்போது ஒரு வெப்பமானி கொண்டுவாருங்கள். பெட்டிக்குள் வையுங்கள், ஐந்து பாகைக்கு மேலே காட்டினால் எழுதுங்கள். சொல்லாமல் வாருங்கள். மாதம் ஒருமுறை வெட்டுப்பலகையைப் பஞ்சால் துடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். வந்த முடிவை அனுமதிப்பத்திரத்துக்குப் பக்கத்திலேயே தமிழில் ஒட்டுங்கள். வாயைக் கட்டும் வேலையை உரிக்கிறவரிடம் விட்டுவிடுங்கள், தாங்கள் அவிழ்த்துவிடலாம்.

ஆவணித் திருவிழாக் காலத்தில் எங்கள் வீடுகளில் மச்சம் இல்லை. தங்களுக்கு யோசிக்க அவ்வளவு நாள் இருக்கிறது. தீர்த்தம் முடிந்த அடுத்த நாள் விடிய, கடை வாசலில் நாங்கள் பையோடு நிற்போம்.

இப்படிக்கு,
படுவான்கரைக் கோழி தின்னி ஒருவன்

பி.கு.: "தங்கள் கடிதம் உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்பட்டுள்ளது" என்ற பதில் என்னிடம் ஏற்கெனவே மூன்று கிடக்கிறது. நாலாவது வேண்டாம்.