செங்கை மாவட்டத்து வீட்டு ஒலிப்பதிவு: ஒரு திணை ஆராய்ச்சி

வீட்டு ஒலிப்பதிவு மேம்பாடு என்பது, ஒரு மைக்கும் ஒரு மடிக்கணினியும் கொண்டு பாடத் தொடங்கிய ஒருவர், தம் பாட்டு கேட்கும்படியாக இல்லாமைக்குத் தம் தொண்டை நீங்கலான எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாக விலை கொடுத்து நீக்க முற்படும் செயல் என வரையறுக்கத் தகும். இது தமிழகமெங்கும் நிகழ்வதே. எனினும், 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டம், ஏரிகள் மலிந்த மருதத்தையும் மாமல்லபுரக் கரையாகிய நெய்தலையும் ஒருங்கே கொண்டிருப்பதால், ஒரே மைக் இரண்டு திணைகளிலும் படும் பாட்டை ஒப்பிட்டுக் காண இங்கே வாய்க்கிறது.

மேம்பாட்டின் முதற்படி கண்டென்சர் மைக். மெல்லிய படலம் ஒன்று ஒலிக்கேற்ப அதிர, அதற்கும் பின்னுள்ள தகட்டுக்கும் இடையிலான மின்தேக்குதிறன் மாறுவதை இது மின்குறியாக்குகிறது. இதற்கு வேண்டிய 48 வோல்ட்டை, ஒலியைக் கணினிக்கான எண்களாக மாற்றும் இன்டர்ஃபேஸ் என்னும் பெட்டி, கண்ணுக்குத் தெரியாமல் அதே கம்பி வழியே அனுப்புவதால், அது பேய் மின்சாரம் எனப் பொருள்படும் பாண்டம் பவர் என்ற பெயர் பெற்றது. பழைய மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடியவர், புதியதை அதன் விலைக்குரிய மரியாதையோடு ஒரு சாண் தள்ளி வைத்துப் பாடுகிறார். தூரம் இரட்டிக்கும்தோறும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் தாழ, அறையின் இரைச்சலோ இருந்தபடியே இருக்க, தாழ்ந்த குரலை மேலேற்றக் குமிழைத் திருகும்போது ஊரும் கூடவே ஏறிவிடுகிறது. மைக்கின் விலை உயர உயரப் பதிவில் பாடகர் குறைந்து ஊர் மிகும் என்னும் இதனை ஊர்மிகை விதி எனலாம். மைக்கை அரைச் சாண் முன்னே இழுத்தால் இவ்விதி பெரும்பாலும் பொய்த்துவிடும்; காசு செலவில்லாத மேம்பாடாகையால் அதனை எவரும் மேம்பாடாகக் கருதுவதில்லை.

இனிக் கருப்பொருள். மருதத்துப் பதிவுகளில் செங்கல்பட்டுச் சந்திப்பை நெருங்கும் ரயிலின் ஊதல், குக்கர் விசில், மழைக்காலத் தவளை, மின்விசிறி ஆகியவை காணப்படும். நெய்தலின் நிலை இன்னும் கடினம். ரயில் போய்விடும், அலை போவதில்லை. மேலும் அலையோசை தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால், அதனை மென்பொருளால் வடிகட்ட முனைவோர் அதனுடன் சகரத்தின் கூர்மையையும் பாடகரின் மூச்சையும் சேர்த்தே இழக்கின்றனர். சிற்பக்கூடங்களின் உளியோசை அழகியது என்பாரும் உளர். அவர்கள் கல்லறுக்கும் மின்வாளைக் கேட்டிலர் போலும். உப்புக்காற்றோ கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே அரித்துச் சவுக்குத் தோப்பைக் காவலுக்கு வைக்கச் செய்தது என்றால், மைக் பிளக்கின் முனை எம்மாத்திரம்? சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைப்பதே இக்கரையின் மரபாக வேண்டும். அருகிலுள்ள சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குடைவரையின் கல்வெட்டு, மன்னனின் இசையைப் பிரமன், பரதர், நாரதர் போன்றோரன்றி யார் அறிய வல்லார் என்னும் பொருள்பட வினவுகிறது. ஊர்மிகை விதி பல்லவர் காலத்திலேயே செயற்பட்டதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளும் துணிபு இக்கட்டுரைக்கு உண்டு.

இரைச்சலை விரட்டச் சுவரில் முட்டை அட்டை ஒட்டும் வழக்கம் தனியே ஆராயத்தக்கது. ஒலியைத் தடுக்க எடையும் இடுக்கின்மையும் வேண்டும். முட்டை அட்டைக்கு இரண்டும் இல்லை. அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்க இலவம்பஞ்சு மெத்தையும், கதவு திறந்த துணி பீரோவும் அதனினும் வல்லவை. 1989இல் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தை மேற்கோள் காட்டாத தொடக்கநிலையாளர் அரியர். ஆனால் அது கூடம் என்பதை விட்டுவிட்டு வீடு என்பதை மட்டுமே அவர்கள் நினைவில் கொள்கின்றனர்.

உதட்டுக் காற்று மைக்கில் மோதாதிருக்க வைக்கும் வலையாகிய பாப் ஃபில்டர் குறித்து ஒரு மொழியியல் ஐயம் எழுகிறது. இதழ்கள் பொருந்தப் பகரம் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து; அப்பகரம் வடமொழிப் பகரங்கள் சிலவற்றைப் போல மூச்சைச் சேர்த்து உமிழ்வதன்று. எனவே தேவாரம் பாடுவோர்க்கு இவ்வலை பாதி விலைக்குப் போதும், பஜனை பாடுவோரே முழு விலை தரவேண்டும் எனக் கடைக்காரரிடம் வாதிட இடமுண்டு.

எஞ்சியது பொழுது. நெய்தலுக்குரிய எற்பாட்டில் கடற்காற்று சன்னலை அடிப்பதால் பதிவு ஆகாது. மருதத்துக்குரிய வைகறையே, ரயிலும் விசிலும் ஓய்ந்து, விசிறியை நிறுத்தினாலும் வியர்க்காத ஒரே வேளை. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விழிக்கும்வரை அதுவும் செல்லும். அவ்வேளையில் எல்லாக் கருவிகளும் செவ்வனே இயங்குவதாகவும், வரையறையில் விலக்கி வைக்கப்பட்ட தொண்டை மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றும் தெரியவருகிறது.