டோல் மிச்சம்

சிறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போகிறவர்களுக்கு வரைபடம் வேண்டியதில்லை. கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மலேசியாவில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நெடுஞ்சாலை போட்டவர்கள்தான். 1994இல் முழுதாகத் திறந்த வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு பிள்ளை "மா, ஒண்ணுக்கு வருது" என்று சொல்லி, சிணுங்கி, சிணுங்கல் அலறலாக மாறுவதற்குள் பெரும்பாலும் ஓர் 'ஆர் அண்ட் ஆர்' ஓய்விடம் வந்துவிடும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் அந்த உத்தரவாதம் கிடையாது. நாங்கள் இறங்கினோம். காரணம், டோல்.

கிள்ளானிலிருந்து டெசாரு கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். பள்ளி விடுமுறை. பெரியவனுக்கு ஆறு வயது, நடுவுள்ளவளுக்கு நாலு, கடைக்குட்டிக்கு இன்னும் பம்பர்ஸ் காலம். கூடவே என் மாமியார். மாமியார் வந்தால் கஞ்சி வேண்டும், கஞ்சிக்கு ரைஸ் குக்கர் வேண்டும். ஆகவே ரைஸ் குக்கரும் வந்தது. பெரியவன் தன் வாத்து மிதவைக்கு வீட்டிலேயே காற்றடித்து இடுப்பில் மாட்டிக்கொண்டான். கழற்று என்றால் தாமான் முழுக்கக் கேட்கும்படி கத்துவான் என்பதால் வாத்தோடு சேர்த்தே சீட் பெல்ட் போட்டோம்.

கிளம்பும்போது மாமியார் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மூன்று நசுங்கின. பின்பக்கம் இடது சக்கரத்துப் பழம் மட்டும் வழுக்கிக்கொண்டு வாசல் லொங்காங் சாக்கடைக்குள் ஓடிவிட்டது. "இன்னொரு பழம் எடுத்தாம்மா" என்றார் என்னிடம். அதற்குள் வீட்டுக்காரர், "நேரமாச்சும்மா" என்று வண்டியை எடுத்துவிட்டார். எந்தச் சக்கரம் என்பதை நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை, மாமியார் மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். பிள்ளைகளின் படிப்புக்கும் அம்மாவின் முட்டிவலிக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பார். டோலுக்கு மட்டும் மனசு வராது. "ரோட்டை ஒரு தடவைதானே போட்டான், காசை மட்டும் எத்தனை தடவை வாங்குவான்?" என்பது அவருடைய அரசியல். நெடுஞ்சாலைக்கு வேறு வழியில்லாமல் கட்டினார். ஆனால் செனாயிலிருந்து டெசாருவுக்கு 77 கிலோமீட்டரில் விரைவுச்சாலை ஒன்று இருக்கிறது, 2011இல் முழுதாகத் திறந்தது, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அதற்கு இன்னொரு டோலா? கூலாயிலேயே இறங்கி, கோத்தா திங்கி போகும் பழைய ரோட்டைப் பிடித்தார்.

அந்த ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முன்னால் எங்கோ விபத்து. கைப்பேசியிலிருந்த பெண், "இடப்பக்கம் திரும்பவும்" என்றாள். கல்யாணமான நாளாக நான் சொல்லி ஒருமுறைகூட உடனே திரும்பாத மனிதர், அவள் சொன்ன மாத்திரத்தில் திரும்பினார்.

செம்பனையை முக்கோணக் கணக்கில் நடுவார்கள். மரத்துக்கு மரம் சுமார் ஒன்பது மீட்டர். அதனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மரங்கள் நேர்வரிசையாகவே ஓடும். நட்டவனுக்கு அது வெயில் கணக்கு. வழி தெரியாமல் வந்தவனுக்கு எல்லாச் சந்தியும் ஒரே சந்தி.

"அந்த நீலத் தண்ணி டேங்க் இப்பத்தானே வந்துச்சு?" என்றேன்.

"அது வேற நீல டேங்க்."

கைப்பேசிப் பெண் கொஞ்ச நேரம் வழியை மாற்றி மாற்றிச் சொன்னாள். பிறகு லைன் போய்விட்டது. வீட்டுக்காரர் அவளைத் திட்டவில்லை என்பதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

ஏறி இறங்கி வளைகிற ரோடு. பாகோ ஆர் அண்ட் ஆரில் சாப்பிட்ட நாசி லெமாக்கும், அதன் தலையில் குடித்த மைலோ ஐஸும் நடுவுள்ளவள் வயிற்றில் ஒத்துப்போகவில்லை. "மா, வாயெல்லாம் தண்ணியா ஊறுது" என்றாள். இந்த வாக்கியத்தைக் கேட்டால் எந்தத் தாயும் பிளாஸ்டிக் பையைத் தேடுவாள். எனக்குப் பை கிடைப்பதற்குள் அவளுக்குப் பாட்டியின் முந்தானை கிடைத்துவிட்டது. மாமியார் பதறவில்லை. எல்லோர் வாயிலும் ஆளுக்கொரு 'ஆசாம் போய்' புளிப்புப் பிளம் திணித்தார். கோடாலித் தைலத்தை எடுத்து எல்லோர் நெற்றியிலும் தேய்த்தார், ஓட்டுகிறவர் நெற்றி உட்பட. அது வியர்வையோடு வழிந்து அவர் கண்ணுக்குள் இறங்கியது. காருக்குள் மைலோ, சம்பல், தைலம் மூன்றும் கலந்து மணத்தன. தாங்காமல் கண்ணாடியை இறக்கினோம். வெளியே செம்பனை எண்ணெய் ஆலையின் நாற்றம். மறுபடி ஏற்றினோம்.

பெரியவனுக்கு ஒண்ணுக்கு வந்தது இப்போதுதான். ஓரமாக நிறுத்தியும் ஆயிற்று, இறங்க மாட்டேன் என்றான். அதற்கும் காரணம் அவன் அப்பாதான். பின் சீட்டுச் சண்டையை நிறுத்துவதற்காக யோங் பெங் தாண்டியதும் ஜொகூர் காட்டு 'பிக்ஃபுட்' கதையை எடுத்துவிட்டிருந்தார். கதை என்றும் சொல்ல முடியாது. 2005 கடைசியில் பெரிய பெரிய காலடித் தடங்களைக் கண்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்து, தேடிப் பார்க்கப்போவதாக மாநில அரசே அறிவித்த விஷயம் அது. கடைசிவரை ஒன்றும் அகப்படவில்லை. பையனுக்கு அதுதான் பிரச்சினை. அகப்படவில்லை என்றால் இன்னும் உள்ளேதானே இருக்கும்?

ஒருவழியாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். வேறு அப்பாவாக இருந்தால் "சீக்கிரம் முடிடா" என்பார். இவர் பாடம் நடத்தினார். இந்தப் பக்கத்துத் தண்ணீர் ஜொகூர் ஆற்றில் போய்ச் சேருகிறது, 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் அந்த ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம், 2061 வரை அந்த உரிமை உண்டு, ஆற்றில் நீர் குறையாமல் இருக்க மேலே லிங்கியூவில் அணை கட்டியிருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். பையன் மரத்தடியில் நின்றபடியே கேட்டான்:

"அப்போ சிங்கப்பூர் அத்தை இதத்தான் குடிக்கிறாங்களா?"

மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. அவருடைய ஒரே மகள் ஈசூனில் இருக்கிறாள்.

"நல்லா சுத்தம் பண்ணித்தான் குடுப்பாங்க பாட்டி" என்று பையனே சமாதானம் சொன்னான்.

காருக்குத் திரும்பினால் ஒரு சக்கரம் தரையோடு உட்கார்ந்திருந்தது. பின்பக்கம், இடது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஸ்பேர் டயர் எல்லா மூட்டைக்கும் அடியில்தானே இருக்கும். பெட்டி, தலையணை, மணல் வாளி, பம்பர்ஸ் கட்டு, ரைஸ் குக்கர் என்று எல்லாம் புல்லில் இறங்கின. ஸ்பேரை அமுக்கிப் பார்த்தால் அதிலும் பாதிக் காற்றுதான். அப்போது மோட்டார் சைக்கிளில், குலை வெட்டும் நீளக் கம்பைக் கட்டிக்கொண்டு ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். பெல்டா நிலக்குடியேற்றக்காரர். வண்டியை நிறுத்தி, நாலாபக்கமும் செம்பனை சூழ, வாத்துக்குள் நின்றுகொண்டிருந்த என் மகனை ஒரு நிமிடம் பார்த்தார்.

"மாவ் கெ மானா?"

"டெசாரு, பாக்சிக்."

அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு அந்த "ஓ"வை வெகுநேரம் இழுத்தார். பிறகு கிளம்பிப் போய், கால் பம்பு ஒன்றோடு திரும்பி வந்து, ஸ்பேருக்குத் தாமே காற்றடித்துக் கொடுத்தார். கட்டைவிரலை மடக்கி மரியாதையாகத் திசை காட்டி, "பண்டார் தெங்காரா. தெக்காட் சாஜா" என்றார். கிட்டத்தான் என்று அர்த்தம். மலாய்க் கம்பத்தில் யாரும் எதையும் தூரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நல்லவேளை, எங்களை நம்பாமல் தாமே முன்னால் ஓட்டிப் போனார்.

பண்டார் தெங்காராவைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று யாரும் வருவதில்லை. 1972இல் அமைத்த கெஜோரா என்கிற தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சி வாரியம், சுற்றியுள்ள செம்பனைத் திட்டங்களில் குடியேறிய மக்களுக்காகக் காட்டுக்கு நடுவில் உண்டாக்கிய ஊர். கடை, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கிளினிக் என்று வாழ்கிறவர்களுக்கு வேண்டியதை யோசித்துப் போட்டிருக்கிறார்கள். படம் பிடித்து அனுப்ப ஒன்றும் இல்லை. ஆனால் டயர் போய், துணி நாறி, பம்பர்ஸ் தீர்ந்து ஒரு குடும்பம் வந்து நின்றால், அதற்குத் தேவையான எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. இந்தப் பெருமையை எந்த உல்லாச விடுதியிலும் நான் பார்த்ததில்லை.

என்ன, எல்லாம் பூட்டிக் கிடந்தது. மணி ஒன்று, வெள்ளிக்கிழமை. ஜொகூரில் 2014 தொடங்கி 2024 முடியும்வரை வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 2025 ஜனவரியில்தான் மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பினார்கள். நாங்கள் போனது அந்த வெள்ளி–சனி காலத்தில். சிலாங்கூர்க்காரரான என் வீட்டுக்காரரோ, "வெள்ளிக்கிழமை போனா ரோடு காலியா இருக்கும்" என்று மெனக்கெட்டு லீவு போட்டு வந்திருந்தார். ரோடு நிறைந்திருந்தது. கடைத்தெரு காலி. தொழுகை முடிந்து, சாப்பிட்டு, பட்டறைக்காரர் வர மூன்று மணியாகும் என்று சொல்லிவிட்டுப் பாக்சிக்கும் தொழுகைக்கு ஓடினார்.

திறந்திருந்தது ஒரே ஒரு பீசாங் கோரெங் தள்ளுவண்டி. அதன் பின்னால் ஒரு மாக்சிக். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார், முக்கியமாக மாமியாரின் முந்தானையை. எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை அணைத்துவிட்டு, "வாங்க" என்று எல்லோரையும் பின்தெருவிலிருந்த தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். குளியலறையில் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர், மேலே மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் சொம்பு. மூன்று பிள்ளைகளும் உள்ளே போனார்கள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வாத்துக்கும் அன்றைக்கு முதல்முறையாகத் தண்ணீர் கிடைத்தது. "மா, இதான் டெசாருவா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்.

மாமியார் அதற்குள் மாக்சிக்கின் பாத்திக் கைலியைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, தம் தோட்டத்து மலாயில் பேச ஆரம்பித்துவிட்டார். ரப்பர் மரம், முட்டிவலி, சொன்ன பேச்சு கேட்காத மகன் என்று இருவருக்கும் பேச நிறைய இருந்தது. எலுமிச்சம்பழ விவகாரமும் விளக்கமாகச் சொல்லப்பட்டது. மாக்சிக் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பலகாரத்துக்குக் காசு வாங்கவேயில்லை.

பட்டறைக்காரர் மூன்று மணிக்கு வந்து, டயரிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி, ஒட்டுப் போட்டுப் பத்து வெள்ளி கேட்டார். வீட்டுக்காரர் முகத்தில் காலையிலிருந்து காணாத வெளிச்சம். "பாத்தியா, டோலைவிடக் கம்மி!"

பட்டுச்சேலை சலவை, புதுப் பம்பர்ஸ், கோத்தா திங்கியில் வாங்கிய மாற்றுத்துணி, முன்பணம் கட்டியும் சாப்பிட முடியாமல் போன விடுதி விருந்து எல்லாவற்றையும் நான் கூட்டிச் சொன்னேன். அவர் கண்ணில் மறுபடி தைலம் பட்டதாகத் துடைத்துக்கொண்டார்.

டெசாரு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் கடலில் அலை அதிகம் என்று சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பேசாமல் டோலைக் கட்டிவிட்டு விரைவுச்சாலையிலேயே போங்கள். மிச்சம் பிடித்தே தீருவேன் என்கிற ஆள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தால், கிளம்பும் முன்பே ஸ்பேர் டயரை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். எங்களுக்கு உதவிய அந்தப் பட்டறை வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கு முன்னால் திறப்பதில்லை.