பட்டுக்கடை பில் கவுன்ட்டரில் வெளுக்கும் திரை: ஒரு பூர்வாங்க ஆய்வு

தியாகராய நகர்த் துணிக்கடைகளைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் கூட்டம், தள்ளுபடி, பார்க்கிங் ஆகிய மூன்றோடு திருப்தி அடைந்துவிட்டார்கள். பில் கவுன்ட்டரில் கணினித் திரை வெளுத்து நிற்கும் அந்தச் சில விநாடிகளை ஆராய்ச்சி உலகம் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் நிகழ்வு அரியதன்று. ஆடித் தள்ளுபடி ஞாயிறு மாலையில் ஏதாவதொரு கவுன்ட்டர் முன் நின்றால் இலவசமாகவே கவனிக்கலாம். ஊழியர் புடவையின் பார்கோடை ஸ்கேன் செய்து என்டர் தட்டுகிறார். மௌஸ் அம்பு வட்டமாகிச் சுற்றுகிறது. இன்னொரு தட்டு. ஜன்னல் முழுவதும் மங்கி வெளுத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுந்தருளுகிறது. ஊழியர் நிமிர்ந்து, “சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு சார், ஒரு நிமிஷம்” என்கிறார். புரோகிராம் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவர் சொல்கிறார் என்பது இங்கே குறிக்கத்தக்கது. இந்தக் கூடுதல் வேலைக்கு அவருக்குத் தனிப்படி கிடையாது.

புரோகிராம் சோம்பிக் கிடப்பதால்தான் திரை வெளுக்கிறது என்பது வரிசையில் நிற்பவர்களின் கருத்து. உண்மை நேர்மாறானது. ஸ்டாக்கில் ஒன்றைக் கழித்து, மாடியிலோ வேறு கிளையிலோ இருக்கும் சர்வருக்குத் தகவல் சொல்லி, பதிலுக்குக் காத்துக்கொண்டு, அது மும்முரமாகவே இருக்கிறது. கோளாறு, அந்த வேலைக்கு யாரை அனுப்பினார்கள் என்பதில். விண்டோஸில் ஒவ்வொரு விசைத்தட்டும் மௌஸ் அசைவும் ஒரு செய்தியாக வரிசையில் வந்து நிற்கும். புரோகிராமின் மெயின் த்ரெட், அதாவது அதன் முதன்மை வேலைச்சரடு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டும், திரையையும் வரைய வேண்டும். அதையே சர்வரிடம் தூது அனுப்பிவிட்டால் வரிசையைக் கவனிக்க ஆளில்லை. 5 விநாடி வரை எவரும் செய்தியை எடுக்காவிட்டால், விண்டோஸ் உண்மையான ஜன்னலை மறைத்துவிட்டு அதே இடத்தில், அதே அளவில் ஒரு போலியை வைக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கோஸ்ட்’, அதாவது பேய். இந்தப் பேயை நகர்த்தலாம், சுருக்கலாம், மூடலாம். பில் மட்டும் போட முடியாது.

பரிகாரம் கவுன்ட்டரிலிருந்து பத்தடி தள்ளி, வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நல்லி சின்னசாமி செட்டியார் 1928-இல் கடை வைத்த பேட்டை இது. இங்கே பட்டு விற்பவர், “இதே அரக்கு பார்டர்ல மாம்பழ மஞ்சள் இருக்கா?” என்று அம்மாள் கேட்டவுடன் எழுந்து கோடவுனுக்கு ஓடுவதில்லை. பையனுக்கு ஒரு குரல் கொடுக்கிறார். “வருதும்மா, அதுக்குள்ள இதைப் பாருங்க, முந்தானையைப் பாருங்க” என்று அடுத்ததை விரிக்கிறார். பையன் ஏணி ஏறித் தேடி இறங்கி வர எவ்வளவு நேரம் ஆனாலும், அம்மாள் எதிரே ஆள் இருக்கிறார். இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. பையன் கொண்டுவந்த புடவையைத் தானே அம்மாள் முன் பிரித்துப் போடுவதில்லை. விற்பவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். திரை ஜன்னல்களை எழுத உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸ், ஜாவா ஸ்விங், க்யூடி ஆகிய மூன்று கருவித்தொகுப்புகளும் வகுத்திருக்கும் விதியும் இதுவே: பின்னணி த்ரெட் திரையைத் தொடக் கூடாது, முடிவை மெயின் த்ரெட்டிடம் ஒப்படைக்க வேண்டும். ஆக, ஒரே கூரையின் கீழ் ஆள் சரியாகச் செய்வதையே புரோகிராம் தவறாகச் செய்கிறது. புரோகிராமை எழுதியவர் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு அங்கேதான் பட்டு எடுத்திருப்பார் என்பதுதான் இதில் வேடிக்கை.

அவர் மேல் முழுப் பழியும் போடுவது நியாயமில்லை, வரலாறும் உடந்தை. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ஒரு புரோகிராம் தானாக மனமிரங்கி வழிவிட்டால்தான் அடுத்ததற்கு முறை வரும். கடைக் கணினிகளுக்கு த்ரெட் வசதி விண்டோஸ் 95-உடன்தான் எட்டியது. அதன் பிறகும் 1998-இன் விஷுவல் பேசிக் 6-இல் கைபழகியவர்கள், லூப்புக்குள் ‘டூஈவன்ட்ஸ்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். வேலைக்கு நடுவே வரிசையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வா என்பது அந்தக் கட்டளை. திரை வெளுக்காது, வாஸ்தவம். ஆனால் ஊழியர் பொறுமையிழந்து தட்டிய இரண்டாவது என்டரும் அந்த இடைவெளியில் நுழைந்து, முதல் பில் முடிவதற்குள் அடுத்த பில்லைத் தொடங்கிவைக்கும். ஒரே புடவைக்கு பிரின்டர் இரண்டு பில் துப்பும். அப்புறம் சூப்பர்வைசர், அவருடைய பாஸ்வேர்டு, அவர் எங்கே டீ குடிக்கப் போனார் என்ற தேடல். வேலை நடக்கும்வரை சேவ் பட்டனை மங்கவைத்திருந்தால் இவ்வளவும் இல்லை. 2005-இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 2.0 ‘பேக்ரவுண்ட் ஒர்க்கர்’ என்று ஒரு பையனையே வேலைக்குக் கொடுத்துவிட்டதால், இனிமேல் சாக்கும் இல்லை.

‘வேகமான கம்ப்யூட்டர் வாங்கினால் தீர்ந்தது, இதற்கு ஓர் ஆய்வா?’ என்பார்கள். கம்ப்யூட்டரை வாங்கலாம், நடுவில் இருக்கும் நெட்வொர்க்கையும் தீபாவளிக் கூட்டத்தையும் வாங்க முடியாது. தவிர, காத்திருப்பின் எல்லைகள் மனிதத் தலைக்குள் இருக்கின்றன. ஐபிஎம்மின் ராபர்ட் மில்லர் 1968-இலேயே இதை எழுதினார். 1993-இல் யாக்கோப் நீல்சன் மூன்று படிகளாகச் சொன்னார்: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனடி. 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுவதில்லை. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். நம் கவுன்ட்டர்களிலும் இந்த அளவுகோல் வழக்கில் உண்டு: “இதோ”, “ஒரு நிமிஷம்”, “சர்வர் ஸ்லோ சார்”. நான்காவதாக, “நீங்க டெலிவரி கவுன்ட்டர்ல நில்லுங்க, பில் அங்கேயே வந்துடும்” என்றொரு படியும் உண்டு. நீல்சன் இதற்கு இடம் வைக்கவில்லை. என் மதிப்பில் நான்கிலும் சிறந்தது அதுதான், ஏனெனில் அது ஒன்றுதான் ஆளை விடுவிக்கிறது.

காத்திருப்பவருக்கு வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டலாமே என்றால், அடுத்த கேள்வி வரும்: ‘பச்சைப் பட்டை ஓடவிட்டால் மட்டும் உண்மையா? 99 சதவீதத்தில் அரை மணி நிற்கிறதே!’ இது வலுவான ஆட்சேபம். 1985-இல் பிராட் மையர்ஸ் சோதித்தபோது, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையையே பெரும்பாலோர் விரும்பினார்கள். 2007-இல் கிறிஸ் ஹாரிசன் குழுவின் ஆய்வில், கடைசியில் தயங்கும் பட்டை அதிக நேரம் எடுப்பதாகத் தோன்றியது, முடிவில் வேகமெடுப்பது சீக்கிரம் முடிந்ததாகத் தோன்றியது. ஆகவே ஆட்சேபம் பட்டைக்கு எதிரானதன்று, கடைசி ஒரு சதவீதத்துக்குள் எல்லா வேலையையும் அடைத்தவருக்கு எதிரானது. அளவு தெரியாத வேலைக்குச் சதவீதம் காட்டாமல், ‘ஸ்டாக் பதிவாகிறது’ என்று நடப்பதைச் சொன்னாலே போதும்.

பட்டையின் பக்கத்தில் கேன்சல் பட்டனும் வேண்டும். அம்மாள் “வேணாம், விடுங்க” என்றால் பையன் பாதி ஏணியில் திரும்பிவிடுவான், ஏனெனில் அவன் அவ்வப்போது கீழே எட்டிப் பார்க்கிறான். பின்னணி த்ரெட்டும் அப்படித்தான் படிக்குப் படி கேட்டுக்கொள்ள வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுப்பது ஏணியை உருவுவது. பில் எண் ஒதுக்கியாகியிருக்கும், பில் இருக்காது. ஜிஎஸ்டி விதி 46 பில் எண்கள் தொடராக இருக்க வேண்டும் என்கிறது. நடுவில் காணாமற்போன எண்ணுக்கு விளக்கம் எழுதுவது, இந்தக் கதையில் எந்தப் பட்டனையும் தொடாத கணக்குப்பிள்ளையின் வேலையாகிறது.