காலமை போய்ப் பின்னேரம் வாறது

லண்டனிலிருந்து காலையில் ரயிலேறிப் பாரிசுக்குப் போய், நண்பர்களைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்பலாம். இதை ஆங்கிலேயர் நம்புகிறார்கள். பிரெஞ்சுக்காரர் நம்புகிறார்கள். ரயில்காரர் நம்பி ரிக்கெற்றும் விற்கிறார்கள். நம்ப மறுப்பவர்கள் பாரிசில் இருக்கும் என் நண்பர்கள் மட்டும்தான்.

"காலமை வந்து பின்னேரம் போறியோ? ஏன்ரா, நாங்கள் என்ன ஆஸ்பத்திரியிலயோ கிடக்கிறம், பாத்திட்டுப் போக?" என்றான் லாக்கூர்நெவ்வில் இருப்பவன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எண்பதுகளில் வெளிக்கிட்டபோது எல்லாருக்கும் கனடா போவதாகத்தான் உத்தேசம். ஏஜென்சிக்காரன் எந்த விமான நிலையத்தில் கைவிட்டானோ, அதுவே அவரவர் நாடாயிற்று. ஆங்கிலத்தில் எப்போதும் கோட்டைவிடும் நான் லண்டனில். பிரெஞ்சு என்றொரு மொழி இருப்பதையே பொருட்படுத்தாத மூவர் பாரிசில்.

ரயில் விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. கடலுக்கடியில் சுரங்கம் 1994-இல் திறந்தது. 2007 முதல் யூரோஸ்டார் சென்ற் பங்கிராஸ் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம். பாரிசுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணித்தியாலம். யாழ்தேவி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்குள் நான் பாரிசுக்குப் போய்த் திரும்பி, தேத்தண்ணியும் குடித்துவிடுவேன். பிரெஞ்சுக் குடிவரவு அதிகாரியும் லண்டன் நிலையத்திலேயே இருக்கிறார். "எங்கே தங்குவீர்கள்?" என்று கேட்டார். "தங்கமாட்டேன், இரவே திரும்புகிறேன்" என்றேன். தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார். ஒரு அந்நிய அரசாங்கம் அரை நிமிடத்தில் ஒப்புக்கொண்ட விஷயத்துக்காக நான் நண்பர்களோடு வாரக்கணக்கில் தொலைபேசியில் மன்றாடியிருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். காலை ஏழு மணி ரயில் ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேரும். ஆனால் பாரிஸ் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுவதால், இறங்கும்போது அங்கே பத்தேகால். திரும்பும் ரயில் மாலை ஏழுக்கு. பைகளைச் சோதித்து, கடவுச்சீட்டைக் காட்ட ஐந்தரைக்காவது நிலையத்துக்கு வரவேண்டும். மிஞ்சுவது ஏழேகால் மணித்தியாலம். அதற்குள் மூன்று வீடு. லாக்கூர்நெவ்வுக்கு ஆர்.இ.ஆர். பி, சார்செலுக்கு ஆர்.இ.ஆர். டி, பொபினிக்கு ஐந்தாம் இலக்க மெற்றோ. மூன்றையும் நான் வந்திறங்கும் கார் து நோர் நிலையத்திலேயே பிடிக்கலாம். பிரான்சின் போக்குவரத்துத் துறை எனக்காக இவ்வளவு செய்து வைத்திருக்கிறது.

சிக்கல் தண்டவாளத்தில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. முதலில் எந்த வீட்டில் இடியப்பம் சாப்பிடுவது? முதல் வீட்டுக்காரன் "என்னட்டத்தான் முதல் வந்தவன்" என்று பத்து வருடத்துக்குச் சொல்லித் திரிவான். இரண்டாம் வீட்டுக்காரி மத்தியானச் சோற்றை வைத்துவிட்டு, "அங்க வடிவாச் சாப்பிட்டிட்டீங்கள் போல, அதுதான் இஞ்ச கொறிக்கிறீங்கள்" என்பாள். மூன்றாம் வீட்டில் வடையும் தேத்தண்ணியும் மட்டும் என்று முடிவாகியிருக்கும். போய்ப் பார்த்தால் அங்கே ஒடியல் கூழ் கொதிக்கும்.

பொதுவான இடத்தில் சந்திக்கலாம் என்று ஒரு யோசனை வைத்தேன். கார் து நோரிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லாச்சப்பல். புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை, சாப்பாட்டுக்கடை என்று தெருவெல்லாம் தமிழ். மூவரும் அங்கே வந்தால் ஒரே மேசையில் விஷயம் முடிந்துவிடும். மூன்று வீட்டுப் பெண்களும் அன்றைக்குத்தான் ஒற்றுமையானார்கள். "வீடு வாசல் இருக்கேக்க கடையிலயோ சாப்பாடு குடுக்கிறது? ஊர் என்ன சொல்லும்?" ஊர் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வெறுங்கையோடும் போகமுடியாது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன பிறகு, 2021 முதல், இங்கிருந்து இறைச்சியும் பாலுணவும் கொண்டுபோகத் தடை. மட்டன் ரோல் போயிற்று, நெய் போயிற்று. மீன் மட்டும் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். இருபது கிலோ மீனோடு இரண்டேகால் மணித்தியாலம் பக்கத்தில் இருக்கப்போகிறவரை யாரும் யோசிக்கவில்லை. பழவகையில் சான்றிதழ் கேட்காமல் விடுவது ஐந்தே ஐந்தை: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், முள்நாறிப்பழம். தேங்காய் வாழைப்பழத்துக்குத் தடையில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் வெற்றிலைக்கும் எலுமிச்சைக்கும் தடை. பிரசல்சில் இந்தச் சட்டத்தை எழுதிய குழுவில், பாதிப் பூசை மட்டும் பழகிய ஐயர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஆனால் பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்கு வீதியில் மலையாகக் குவித்துத் தேங்காய் உடைக்கும் ஊருக்கு, லண்டன் தேங்காய் இரண்டைத் தூக்கிக்கொண்டு போவதற்கு என் மனைவிக்கே வெட்கமாக இருந்தது.

முன்பெல்லாம் சாப்பிட முடியாததைப் பார்சல் கட்டித் தருவார்கள், வாங்கிக்கொண்டு தப்பிவிடலாம். 2025 ஏப்ரலிலிருந்து பிரித்தானியாவும் அங்கிருந்து இறைச்சி, பால், வெண்ணெய் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டது. கால்நடைகளுக்கு கால்-வாய் நோய் வராமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் சுமை விருந்தாளியின் வயிற்றில் விழுகிறது. "கட்டித் தரேலாது, சட்டமாம். அப்ப இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியோடு ஒருவர் எதிரே வந்து நின்றால், எந்தத் தூதரகத்திடம் முறையிடுவது?

எனவே ஒருநாள் பயணம் போக நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை இதுதான். திரும்புகிற ரிக்கெற்றை எடுத்த பிறகே வரப்போவதாகச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு பட்டினி இருங்கள். எல்லா வீட்டிலும் "உங்கட வீட்டிலதான் வயிறாரச் சாப்பிட்டது" என்று சொல்லுங்கள். மூவரும் ஒருவரோடொருவர் கதைத்து உங்களைப் பிடிப்பதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியம், ரயில் ஏழு மணிக்கு என்றால் வீட்டுக்காரரிடம் ஆறு மணிக்கு என்று சொல்லுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தை அவர்கள் எப்படியும் வாசலில் நிற்கவைத்துக் கதைத்தே தீர்த்துவிடுவார்கள். பொய் சொல்கிறோமே என்று மனம் உறுத்தவும் தேவையில்லை. பாரிசில் ஏழு மணியாகும்போது லண்டனில் ஆறுதான்.