கொள்ளுத்தாத்தா எங்கே பிறந்தார்?

1948-ல் சுதந்திரம் வாங்கிய கையோடு இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. இந்தியாவிலிருந்து வந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையா, தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும். பறித்த கொழுந்தை றாத்தல் கணக்கில் எழுதி வைத்த செக்ரோலில் பாட்டன் பிறந்த கதையா இருக்கும்?

பதிவு செய்தாவது குடிமகனாகலாம் என்று 1949-ல் இன்னொரு சட்டம். கல்யாணமானவர் 7 வருஷம் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும்; ஆகாதவர் 10 வருஷம். தாலிக்கு மூன்று வருஷத் தள்ளுபடி!

1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பாகம் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

இந்தியாவிலிருந்தே வந்த தேயிலைச் செடியிடம் மட்டும் யாரும் பத்திரம் கேட்கவில்லை. அது அன்றே ‘சிலோன் டீ’ ஆகிவிட்டது.