நெய்வேலி–பிச்சாவரம் தடத்தில் எதிர்காற்றின் நிரந்தரத் தன்மை: ஓர் ஆய்வு

நெய்வேலி ஆர்ச் கேட்டில் புறப்பட்டு வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், கிள்ளை வழியாகப் பிச்சாவரம் உப்பங்கழிக்குச் சைக்கிளில் போகிறவருக்குப் போகும்போதும் எதிர்காற்று, வரும்போதும் எதிர்காற்று. டவுன்ஷிப்பில் சைக்கிள் வைத்திருக்கும் எவரும் இதை மறுப்பதில்லை. இருந்தும் முறையாக யாரும் ஆராய முன்வரவில்லை. பழுப்பு நிலக்கரிக்காக 1956-இல் ஒரு நிறுவனத்தையே தொடங்கிய தேசம், தரைக்கு அடியில் கிடப்பதைக் கவனித்த அளவுக்குத் தரைக்கு இரண்டு முழம் மேலே நடப்பதைக் கவனிக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் முன்னோர் கூற்று. காற்றை அவர்கள் நான்காக வகுத்தார்கள்: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வகைப்பாடு போதும். சைக்கிளில் ஏறியவருக்குக் காற்று இரண்டே வகைதான்: எதிர்காற்று, இல்லாத காற்று. வரலாற்று நூல்களும் கைகொடுக்கவில்லை. 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பரங்கிப்பேட்டையில் மோதிய சண்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் எதிர்காற்றில் மிதித்தவர் ஒருவர்கூட இல்லை. ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் தன் மர இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டியது 1817-இல்தான் என்பதால் ஐதர் அலியை இவ்விஷயத்தில் மன்னிக்கலாம்.

இனி களம். டவுன்ஷிப்புக்குள் சைக்கிள் மிதிப்பதை இவ்வாய்வு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கோடு போட்ட மாதிரி சாலைகள், இரு பக்கமும் மரங்கள், குவார்ட்டர்ஸுக்குக் குவார்ட்டர்ஸ் தோட்டம். இத்தனை மறைப்புக்கு நடுவில் மெயின் பஜாருக்குப் போய்வருபவர் தன் கால்களைப் பற்றி மிக உயர்வான அபிப்பிராயம் வைத்திருப்பார். ஆர்ச் கேட்டைத் தாண்டி வடலூர் வரைக்கும் அந்த அபிப்பிராயம் தாங்கும். செம்மண், முந்திரி, அங்கங்கே பலா. சேத்தியாத்தோப்பில் கிழக்கே திரும்பியதும் மண் கறுக்கிறது. வெள்ளாற்றுப் பாசனத்து வயல்கள் ஆரம்பிக்கின்றன. வயல் என்றால் மறைப்பே இல்லாத வயல். சட்டை முதுகுப்பக்கம் பலூனாகும். பெடல் கனக்கும். செயினில் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

காற்றை அளக்கும் கருவிக்கு ஆய்வாளர் அலையவில்லை. வழக்கு வம்புக்குத் தப்பிய கட்சிக் கொடிக்கம்பங்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. மேடையில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் கட்சிகள் கொடிகளை மட்டும் ஒரே பக்கமாக, அதாவது சைக்கிள்காரரின் மூக்குக்கு நேராக, நீட்டிக்கொண்டிருந்தன. வேகத்துக்கு 1805-இல் பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த அளவுகோல் இருக்கிறது. அதன்படி தூசியும் காகிதமும் கிளம்பினால் நாலாம் படி, மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். கடலூர் மாவட்டத்துக்கு இது பொருந்தாது. காற்றே இல்லாவிட்டாலும் இங்கே பஸ் போனால் தூசியும் காகிதமும் கிளம்பும். ஆகவே உள்நாட்டு அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. பின்னால் வரும் நண்பர் பேசுவது காதில் விழாவிட்டால் முதல் படி. அவர் பேசுவதையே நிறுத்திவிட்டால் இரண்டாம் படி. 'செயினைக் கொஞ்சம் பார்த்துடலாம்பா' என்று இறங்கி, செயினைப் பார்க்காமல் டீக்கடையைப் பார்த்தால் மூன்றாம் படி. இதற்கு மேற்பட்ட படிகளை எட்டியவர்கள் பஸ் கூரையில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியதால் தரவு இல்லை.

காரணங்களுக்கு வருவோம். ஒருவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறார். எதிரே காற்றும் அதே வேகத்தில் வருகிறது. அவர் மார்பில் மோதுவது 30 கிலோமீட்டர் வேகக் காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். முழங்கால் இதைப் படிக்காமலே அறியும். அதே காற்று முதுகில் அடித்தால்? மோதும் வேகம் பூஜ்யம். காற்று இல்லை என்றே தோன்றும். சரி, பக்கவாட்டுக் காற்றாவது நடுநிலை வகிக்குமா என்றால் அதுவும் இல்லை. நம் வேகத்தோடு அது சேர்ந்து, முன்னைவிடப் பலமாக, முன்பக்கத்து மூலையிலிருந்து வந்து மோதும். ஆக, திசைகளில் பாதிக்கு மேல் நமக்கு விரோதமானவை. நேரக் கணக்கும் அப்படித்தான். ஐம்பது கிலோமீட்டரை எதிர்காற்றில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஐந்து மணி நேரம். அதே தூரத்தை முதுகுக்காற்றில் இருபதில் திரும்பினால் இரண்டரை மணி. போக வரத் தூரம் சமமானாலும், பொழுதில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்காற்றுக்கே போய்ச் சேருகிறது.

பரங்கிப்பேட்டை மரக்கல வணிகர்கள் இதை வென்றவர்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மலாய்க் கரைக்குப் போனார்கள், வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பினார்கள். இரு பக்கமும் முதுகுக்காற்று. கொடுத்த விலை மாதக்கணக்கில் காத்திருப்பு. நெய்வேலிக்காரருக்கோ அரை நாள் போதும். இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து விடியும்வரை கடலை நோக்கி நிலக்காற்று மெல்ல வீசும். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறி, அங்கே மேலெழும் காற்றின் இடத்தை நிரப்ப, உச்சிவேளையை ஒட்டிக் கடல்காற்று உள்ளே வரும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வலுத்து அதைத் தாமதப்படுத்துவது உண்டு. மற்றபடி இருட்டோடு கிளம்பி, பிற்பகலில் திரும்பினால் இரு வழியும் தள்ளிவிட ஆள் இருக்கிறது.

ஏன் யாரும் அப்படிக் கிளம்புவதில்லை? நண்பர் இரவு ஷிஃப்ட் முடித்து வர வேண்டும். குளித்து, இட்லி சாப்பிட்டு, டயருக்குக் காற்றடிக்கக் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். (இத்தடத்தில் காசு கொடுத்து வாங்கவேண்டிய காற்று அது ஒன்றுதான்.) ஒன்பது மணிக்குப் புறப்பட்டால், புவனகிரியில் கடல்காற்று வரவேற்பு கொடுக்காமல் என்ன செய்யும்?

பிச்சாவரத்தில் காற்று நின்றுவிடுகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுரபுன்னையும் தில்லையும் பின்னிக் கிடக்கும் கழி அது. குறுகிய கால்வாய்க்குள் படகு நுழைந்தால் இலை அசைவதில்லை. சுரபுன்னையின் விழுதுகள் இரு பக்கமும் படகை உரசுகின்றன, அவற்றில் ஒட்டிய சேறு நீர் வற்றிய மட்டத்தைக் காட்டுகிறது. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' 1975-இல் வந்ததே, அதன் காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் இதுதான். ஆய்வின் முடிவுகளைத் துடுப்புப் போடுபவரிடம் விரிவாக எடுத்துச் சொன்னோம். அவர் துடுப்பை நிறுத்தாமல் கேட்டார்: "வரும்போது எதிர்காத்துன்னீங்க சரி. இப்ப மத்தியானம் திரும்பிப் போறப்ப அதே காத்துதானே சார் முதுகுல தள்ளும்? அப்ப மட்டும் யாரும் வந்து சொல்ல மாட்டேங்கறீங்க."

துறைசார் பயிற்சி இல்லாதவர் கருத்து என்பதால் அதை விவாதிக்க அவசியம் எழவில்லை.

திரும்பும்போது புவனகிரியைத் தாண்டியதே தெரியவில்லை. சேத்தியாத்தோப்பு வரை செயினில் எந்தக் கோளாறும் இல்லை. நண்பர் ஹேண்டில்பாரிலிருந்து கையெடுத்துத் தொடையைத் தட்டிக் காட்டி, "பார்த்தியாப்பா, கால் இப்பதான் பதத்துக்கு வந்திருக்கு!" என்றார். அவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. வழியோரக் கொடிகள் எல்லாம் நெய்வேலிப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. அந்தத் தரவு இக்கட்டுரையில் சேர்க்கப்படவில்லை.